டேங்க் போனதா, பார்ட் போனதா?

வாட்டர் ஹீட்டரைச் சரிசெய்வதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் 25 லிட்டர் கீசருக்கு ஒன்பது வயது. ஒரு வாரமாக அடியில் சொட்டுகிறது. 'வால்வை மாத்தினா போதும்' என்கிறார் பிளம்பர். 'டேங்க் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க' என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வதைக் கேட்பது?

இருவரையும் கொஞ்சம் காக்க வையுங்கள். சொட்டு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரியாமல் இரண்டு பேரில் யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

மெயின் சுவிட்சை அணைத்து, ஹீட்டர் ஆறட்டும். அடிப்பாகம் முழுவதையும் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பிறகு தண்ணீர் உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், சேஃப்டி வால்வு (அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடுவது), எலிமெண்ட் (தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி) மூடி ஆகிய நான்கிலும் தனித்தனியாக டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எது நனைந்திருக்கிறது என்று பாருங்கள்.

வால்வில் சுற்றியது நனைந்திருந்தால் உடனே வால்வைக் குறை சொல்ல வேண்டாம். தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 350 மில்லி கூடுகிறது. வால்வுக்குள் இருக்கும் ஒருவழித் தடுப்பு அதைப் பின்னால் போக விடாது; ஆகவே பக்கவாட்டு மூக்கு வழியாகச் சொட்டுகிறது. ஹீட்டர் ஓடும்போது மட்டும் சொட்டி, அணைத்த பிறகு நின்றால் அது பழுதே இல்லை. அந்த மூக்கில் மரக்கட்டை செருகி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹீட்டருக்குச் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. குளிர்ந்த நிலையிலும் சொட்டினால், வால்வின் கைப்பிடியை நாலைந்து முறை தூக்கி விடுங்கள். உட்கார்ந்திருக்கும் மணலோ உப்போ வெளியேறிவிடலாம். நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். புது வால்வும் சொட்டினால் வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகம். குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று போட வேண்டும்.

குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷரும் டெஃப்லான் டேப்பும். எலிமெண்ட் மூடியில் கசிந்தால் கேஸ்கெட்டை, அதாவது மூடிக்கடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை, மாற்ற வேண்டும். மூடியைத் திறந்தால் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் எதிர்ப்பக்கம் வாய் பிளக்கும்.

நான்கு டிஷ்யூவும் காய்ந்திருக்க, வெளிக்கூட்டின் விளிம்பிலிருந்தோ ஸ்க்ரூ துளையிலிருந்தோ பழுப்புத் தண்ணீர் வடிந்தால் எலக்ட்ரீஷியன் சொன்னது சரி. உள் டேங்க் ஓட்டை. இதற்கு வெல்டிங் கிடையாது. உள்ளே பூசியிருக்கும் கண்ணாடிப் பூச்சு வெல்டிங் சூட்டில் உதிர்ந்துவிடும், பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். எபாக்ஸி பசை பூசுவதும் வீண். அழுத்தம் உள்ளிருந்து தள்ளும்போது வெளியிலிருந்து ஒட்டியது நிற்காது. டேங்க் போனால் ஹீட்டரின் வயது நான்கானாலும் ஒன்பதானாலும் முடிவு ஒன்றே. ஆனால் புதிது வாங்குமுன் பழைய வாரண்டி அட்டையைத் தேடுங்கள். டேங்குக்கான வாரண்டி, மற்ற பாகங்களுக்கானதைவிட நீண்டதாகத் தனியே எழுதப்பட்டிருப்பது வழக்கம்.

கேஸ்கெட்டில் கசிந்த தண்ணீர் உள்ளே இருக்கும் ஃபோமில் ஊறி, பிறகு வேறு இடத்தில் வடிவதும் உண்டு. எனவே கேஸ்கெட் மாற்றியபின் இரண்டு நாள் காய விட்டுப் பார்த்துவிட்டே டேங்க் மேல் பழி போடுங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் அரை மணியில் சூடாகும். இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. உள்ளே உப்பு படிந்துவிட்டது, கரண்ட்டை அதுதான் தின்கிறது, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள்.

உப்பு கரண்ட்டைத் தின்னாது. மின் ஹீட்டரில் எலிமெண்ட் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதில் பிறக்கும் சூடு தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், வேறு வழியில்லை. உப்பு மூடினால் எலிமெண்ட் தன் சூட்டை வெளியே விட முடியாமல் கொதித்து சீக்கிரம் கருகும். அது வேறு பிரச்சினை. அடியில் நெருப்பு எரியும் கேஸ் டேங்க் ஹீட்டரில்தான் உப்புப் படிவு சூட்டைத் தடுத்துப் புகைபோக்கி வழியே விரட்டும்.

உங்களுடையதும் 25 லிட்டர், 2000 வாட் ஹீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம். 2000 வாட் எலிமெண்ட் அதை அரை மணியில் கொடுக்கும். நீங்கள் சொல்லும் பழைய நேரம் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது குளிர்காலம் என்று வையுங்கள். வரும் தண்ணீர் 15 டிகிரி. அப்போது ஏற்ற வேண்டியது 45 டிகிரி, நேரம் 39 நிமிடம். கூடவே வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கியிருந்தால் 2000 வாட் எலிமெண்ட் 1500 வாட் அளவே கொடுக்கும், ஏனென்றால் வாட் வோல்டேஜின் வர்க்கத்தில் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் 52 நிமிடம். ஹீட்டரில் ஒரு குறையும் இல்லாமலே உங்கள் ஒரு மணி நேரம் வந்துவிட்டது.

அப்படியில்லை, வோல்டேஜும் பருவமும் பழையபடிதான் என்றால் மின் மீட்டரிடம் கேளுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆறிய தண்ணீரோடு ஹீட்டரை மட்டும் அரை மணி நேரம் ஓட்டினால் மீட்டர் ஒரு யூனிட்டை ஒட்டி நகர வேண்டும். அதில் பாதிதான் நகர்ந்தது, உங்கள் ஹீட்டரில் இரண்டு எலிமெண்ட் உண்டு என்றால் ஒன்று போய்விட்டது. ஒரே எலிமெண்ட் என்றால் தெர்மோஸ்டாட் (குறித்த சூடு வந்ததும் கரண்ட்டை வெட்டும் பாகம்) நடுவில் வெட்டி வெட்டி விடுகிறது. எலிமெண்ட்டை மல்டிமீட்டரில் (மின்தடை அளக்கும் கருவி) வைத்தால், 230 வோல்ட்டுக்கான 2000 வாட் எலிமெண்ட் 26 ஓம் அளவு காட்டும். 3000 வாட் என்றால் 17 அல்லது 18. எதுவுமே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது. எல்லாமே மாற்றக்கூடிய பாகங்கள்.

ஒரு யூனிட்டும் ஓடியிருக்கிறது, ஆனால் குழாயில் வெதுவெதுப்புதான் என்றால் ஹீட்டரை விட்டுவிட்டு, வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயைப் பாருங்கள். ஹீட்டருக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, வெந்நீர்ப் பக்கம் மட்டும் குழாயைத் திறங்கள். சில நொடிகளில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால், மிக்ஸரின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்து, பச்சைத்தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துகொண்டிருக்கிறது. புது ஹீட்டர் மாட்டியும் குறை தீராத வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

'சூடாக வருகிறது, ஆனால் ஒரு வாளிக்குள் தீர்ந்துவிடுகிறது' என்பது இன்னொரு வகை. சுவரில் தொங்கும் ஹீட்டரில் இரண்டு குழாயும் அடியில்தான். ஆனால் வெளியேறும் குழாய் உள்ளே உச்சி வரை நீண்டிருக்கும், சூடான தண்ணீர் மேலே நிற்பதால். அந்த உள்குழாய் அரித்து ஒடிந்தால் அடியில் இருக்கும் பச்சைத்தண்ணீர்தான் வெளியே வரும். பழைய ஹீட்டரில் இது ஒடிகிற அளவு அரித்திருந்தால், டேங்கின் உட்சுவரும் அதே தண்ணீரில்தான் இத்தனை வருடம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு வருடத்தில் மூன்றாவது எலிமெண்ட். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். ஹீட்டருக்கு ஆறு வயது. இன்னொரு எலிமெண்ட் போடலாமா?

எலிமெண்ட்டை வாங்குமுன், மூடி திறந்திருக்கும்போதே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இந்தக் கேள்விக்கான விடை அங்கே இருக்கிறது.

எலிமெண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கம்பி நிற்கும். அதுதான் ஆனோடு ராடு, பெரும்பாலும் மக்னீசியம். இரும்பு டேங்குக்கு முன்னால் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்ட பலியாடு. புதிதாக இருக்கும்போது மழமழவென்று உருண்டையாக இருக்கும். கொஞ்ச காலத்தில் சப்பிப் போட்ட கரும்புச் சக்கை மாதிரி குழி குழியாகும். கடைசியில் நடுவில் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி மட்டும் மிஞ்சும். உப்பு அதிகமான தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் ஆனோடும் வேகமாகக் கரையும். பாதி கரைந்தாலோ, எஃகுக் கம்பி எங்காவது தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். கடினத் தண்ணீர் என்றால் வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. மூன்று முறை எலிமெண்ட் மாற்றியவர்களில் ஒருவராவது இதைக் காட்டினாரா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனோடு பாதியாவது மிச்சமிருந்து, உட்சுவரின் பூச்சு துரு இல்லாமல் தெரிந்தால் தைரியமாகச் செலவு செய்யலாம். எலிமெண்ட், ஆனோடு, கேஸ்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றி, அடியில் கிடக்கும் சுண்ணாம்புச் செதிலையெல்லாம் வழித்தெடுத்து, தண்ணீர் விட்டு அலசச் சொல்லுங்கள். வெறும் எஃகுக் கம்பிதான் நிற்கிறது, சுவரில் துருக் கோடு இறங்கியிருக்கிறது என்றால் புது எலிமெண்ட் அந்த டேங்கைவிட அதிக நாள் வாழும். அதற்குக் காசு போட வேண்டாம். புது ஆனோடு துருவின் வேகத்தைக் குறைக்குமே தவிர, அரித்துப் போன சுவரைத் திருப்பித் தராது. சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்குகளில் ஆனோடு இருக்காது. அங்கே எதிரி குளோரைடு, பார்க்க வேண்டியது வெல்டிங் ஓரங்களை.

எலிமெண்ட் ஏன் இத்தனை சீக்கிரம் போகிறது? தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, சர்க்கரையைப் போல அல்ல. சூடு ஏற ஏறக் கரைதிறன் குறைந்து வெளியே வந்து படியும். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்தால் 60-ல் படிவதைவிட வேகமாகப் படியும். ஆகவே 60-ல் வையுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 40, 45-க்கு இறக்கவும் வேண்டாம். நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளர்வதற்கு ஏற்றது அந்த வெதுவெதுப்பு. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால் குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர்.

செதில் பிடித்த எலிமெண்ட்டைச் சுத்தியால் தட்டாதீர்கள். மேலுறையில் மயிரிழை விரிசல் விழுந்தால் அடுத்த கேள்வியில் இருப்பதுதான் நடக்கும். சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊற வையுங்கள்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் சில நாள் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் கரண்ட்டை வெட்டும் சுவிட்ச்) விழுகிறது, சில நாள் விழுவதில்லை. குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. புது ஹீட்டர் வாங்கினால் சரியாகுமா?

இதைப் படித்ததும் ஹீட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பழுது. ஒன்று, எலிமெண்ட்டின் உறை விரிசல் விட்டு மின்சாரம் தண்ணீருக்குக் கசிகிறது. இன்னொன்று, எர்த் வேலை செய்யவில்லை. எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு அதன் வழியே ஓடி, நீங்கள் குழாயைத் தொடுவதற்கு வெகு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும். புது ஹீட்டர் முதல் பழுதை மட்டும் தீர்க்கும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் அதுவும் ஒரு நாள் இதே வேலையைக் காட்டும். எனவே முதல் செலவு எர்த்துக்கு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

எலிமெண்ட்டை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் நம்ப வேண்டாம். பேட்டரி வோல்ட்டில் கசியாதது வீட்டு மின்சாரத்தில் கசியும். 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவைத் தடுக்கும் காப்பை அளக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் எலிமெண்ட்டை மாற்ற வேண்டும்.

எப்போது விழுகிறது என்பதும் துப்புதான். போட்ட பத்து நிமிடம் கழித்து ஆர்.சி.சி.பி. விழுந்தால், சூட்டில் வாய் திறக்கும் விரிசல். போட்டதுமே எம்.சி.பி. (அளவுக்கு மீறிய கரண்ட்டை வெட்டும் சுவிட்ச்) விழுந்தால் ஷார்ட். எம்.சி.பி. இருபது நிமிடம் கழித்து விழுந்தால் அதில் வயர் சேரும் இடத்தையும், பிளக்கையும் சாக்கெட்டையும் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் அளவு இழுக்கும், தளர்ந்த இணைப்பு பழுப்பேறி உருகியிருக்கும்.

ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மல் கட்-அவுட் (அளவுக்கு மீறிச் சூடானால் கரண்ட்டை வெட்டுவது) தெறித்திருந்தால் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். மறுபடி தெறித்தால் தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு வெட்டாமல் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். 'கட்-அவுட்டை எடுத்துட்டு நேரா கொடுத்துடறேன்' என்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கட்-அவுட் இல்லை, சேஃப்டி வால்வின் மூக்கும் அடைத்திருக்கிறது என்றால் அது ஹீட்டர் இல்லை, வெடிகுண்டு.

கேள்வி: வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். டேங்க் கெட்டுவிட்டதா?

இல்லை. தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டைத் தின்னும் ஒருவகை பாக்டீரியா, மக்னீசிய ஆனோடின் துணையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகிறது. டேங்கைக் காலி செய்து அலசி, 60 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சூடாக்கி, அந்தத் தண்ணீரைக் கவனமாக வெளியேற்றுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் துத்தநாகம் கலந்த அலுமினிய ஆனோடுக்கு மாறுங்கள். நாற்றம் பொறுக்காமல் ஆனோடையே கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. நாற்றம் போகும், பின்னாலேயே டேங்கும் போகும்.

கேள்வி: கேஸ் ஹீட்டர் டிக் டிக் என்கிறது, பற்றவில்லை. பதினொரு வயது ஆகிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டதோ?

பேட்டரியை மாற்றிப் பார்த்தீர்களா? பேட்டரி வைத்த மாடல்களில், பேட்டரி தீரும் நேரத்தில் டிக் சத்தத்துக்குப் போதுமான சக்தி இருக்கும், கேஸ் வால்வைத் திறந்து வைக்கப் போதாது. பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிடுங்கள். அடுத்து தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சல்லடை. பொதுவாக நிமிடத்துக்கு 2.5 லிட்டராவது ஓடினால்தான் கேஸ் திறக்கும். 10 லிட்டர் வாளி நான்கு நிமிடத்தில் நிரம்புகிறதா என்று பாருங்கள். தண்ணீர் போதுமான அளவு வந்தும் பற்றாவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரத்தை (நீர் அழுத்தத்தில் அசைந்து கேஸைத் திறக்கும் சவ்வு) பார்க்க வேண்டும்.

மாற்றும் நேரம் வந்ததன் அடையாளம் வேறு. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி, கூட்டின் மேல்பகுதியில் கரி படிந்தால் எரிப்பு சரியில்லை. கார்பன் மோனாக்சைடு வருகிறது என்று பொருள். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. குளித்து வந்ததும் தலைவலி, மயக்கம் என்றால் அந்த நிமிடமே ஹீட்டரை நிறுத்துங்கள். ஆளை அழைத்துச் சுத்தம் செய்து சுடர் நீலமானால் சரி. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (சுடரின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) தகடுகளுக்கிடையே தண்ணீர் கசிந்தால் பதினொரு வயது ஹீட்டருக்கு விடை கொடுங்கள். இருப்பதிலேயே விலை கூடிய பாகம் அதுதான். புதிதோ பழையதோ, புகைக்குழாய் வெளிச்சுவரைத் தாண்டாத கேஸ் ஹீட்டருக்குக் குளியலறைக்குள் இடமில்லை.

கேள்வி: மொட்டை மாடி சோலார் ஹீட்டரில் சூடு குறைந்துவிட்டது. மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள்.

வெற்றிடக் குழாய் வகை என்றால் ஒவ்வொரு குழாயின் அடி நுனியையும் பாருங்கள். அங்கே கண்ணாடி மாதிரி வெள்ளிப் பூச்சு இருக்கும், பேரியம். வெற்றிடம் போன குழாயில் அது பால் வெள்ளையாக மாறிவிடும். அந்தக் குழாயை மட்டும், சிலிகான் வளையத்தோடு, மாற்றினால் போதும். வெயில் ஏறுமுன் காலையில் செய்யுங்கள். வெயிலில் சூடேறிய குழாயில் பச்சைத்தண்ணீர் பட்டால் படாரென்று உடையும்.

கேள்வி: டேங்க் ஒழுகவில்லை, ஆனால் ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்துவது?

சேமிப்பு வகை மின் ஹீட்டரின் ஆயுள் பொதுவாக 8 முதல் 12 வருடம். அதில் பாதியைத் தாண்டிவிட்டது, இப்போது கேட்கும் ரிப்பேர் செலவும் புது ஹீட்டர் விலையில் பாதியைத் தொடுகிறது என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் தனித்தனியாகப் பிடியுங்கள். இரண்டிலும் பழுப்பு இருந்தால் குழாயில் துரு. வெந்நீரில் மட்டும், அதுவும் இரண்டு மூன்று வாளி போன பிறகும் பழுப்பு நிற்காவிட்டால், ஒழுகாத டேங்காக இருந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒழுகும் வரை காத்திருந்தால் அது ஒழுகப்போவது நீங்கள் ஊரில் இல்லாத நாளில்தான்.

மாற்றுவது என்று முடிவானால் பழைய வால்வையும் பழைய ஹோஸையும் புதியதில் மாட்ட விடாதீர்கள். 25 லிட்டர் ஹீட்டர் நிரம்பினால் 35 கிலோவைத் தாண்டும். பழைய போல்ட் ஆடினால் புதுத் துளை. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம், சாக்கெட் 16 ஆம்பியர். மாட்டி முடித்ததும் சுவிட்சைத் தேடிக் கை போகும், பொறுங்கள். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்றெல்லாம் சீறி முடிந்து தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே தாரையாக ஓடிய பிறகே கரண்ட். காலி டேங்கில் போட்டால் புது எலிமெண்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகும். அதற்கு வாரண்டியும் வராது.